மலைப்பனியை எடைபோட்டு ஆற்று நீரைக் கணிப்பது எப்படி?

குளிர்காலத்தில் மலைகளில் சேரும் பனியை அளந்து, வசந்தத்தில் ஆறுகளில் எவ்வளவு நீர் வரும் என்று மாதங்களுக்கு முன்பே சொல்கிறார்களே, அது எவ்வாறு இயலுகிறது என்பது கேள்வி. அதனோடு சேர்ந்து வந்தவை இன்னும் இரண்டு: ஒரு கோலை நட்டுப் பனியின் உயரத்தைப் பார்த்தாலே போதாதா? 'இவ்வாண்டு பனி இயல்பில் 120 விழுக்காடு' என்று ஓர் அறிக்கை சொன்னால், ஆற்றிலும் 120 விழுக்காடு நீர் வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா? உயரத்தைப் பற்றிய கேள்வியை முதலில் தீர்த்துவிட்டால் மற்றவை எளிதாகும். தமிழில் பனி என்ற சொல் புல்நுனியில் நிற்கும் துளியையும் விடியற்காலை மூட்டத்தையும்கூடக் குறிக்கும். இங்கே வானிலிருந்து படிகங்களாக விழுந்து தரையில் அடுக்கடுக்காகப் படியும் வெண்பனியை மட்டுமே அச்சொல்லால் குறிக்கிறேன்.

உயரம் மட்டும் போதாது. தரையில் படிந்த பனியில் பெரும்பகுதி காற்று என்பதே காரணம். புதிதாக விழுந்து, காற்றால் நெருக்கப்படாமல் கிடக்கும் பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ எடை இருக்கும். சில வாரங்கள் தன் பாரத்தாலேயே அமுங்கிய பனி 200 முதல் 300 கிலோவை எட்டும். உருகும் தறுவாயிலுள்ள வசந்தகாலப் பனி 400, 500 கிலோ வரை போகும். நீரின் எடை 1,000 கிலோ. ஆகவே ஒரு மீட்டர் உயரமுள்ள புதுப்பனி உருகினால் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரே நிற்கும். ஏப்ரலில் அதே ஒரு மீட்டர் பனி 45 சென்டிமீட்டர் நீரைத் தரக்கூடும். பனி விழுந்த மறுவாரம் கோலைப் பார்ப்பவருக்கு அது 100 சென்டிமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைந்திருப்பது தெரியும், ஆனால் ஒரு துளி நீர்கூட வெளியேறியிருக்காது, அமுங்கியிருக்கும், அவ்வளவே. இதனால் துறையினர் உயரத்தைவிட 'நீர்ச்சமானம்' என்ற அளவையே பெரிதாகக் கொள்கிறார்கள். ஓரிடத்துப் பனி முழுவதும் கிடந்த இடத்திலேயே உருகினால் அங்கே எவ்வளவு உயரத்துக்கு நீர் நிற்குமோ, அதுவே அதன் நீர்ச்சமானம். பனியின் உயரத்தை அடர்த்தியால் பெருக்கினால் அது கிடைக்கும். வேறு விதமாகச் சொன்னால் அது எடைதான்: ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ பனி இருந்தால் நீர்ச்சமானம் ஒரு மில்லிமீட்டர்.

இந்த மில்லிமீட்டர் சிறிதாகத் தோன்றும், ஆனால் பரப்பு அதைப் பெருக்கிவிடும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 கன மீட்டர் நீர். 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு சிறிய மலை நீர்ப்பிடிப்பில் சராசரியாக 400 மில்லிமீட்டர் நீர்ச்சமானம் இருந்தால், அங்கே 4 கோடி கன மீட்டர் நீர் எந்த அணையும் இல்லாமல் தேங்கி நிற்கிறது என்று பொருள். அளவீட்டில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தாலும் 40 லட்சம் கன மீட்டர் கணக்கில் தவறிப்போகும். நீர்த்தேக்கத்தை முன்கூட்டியே காலிசெய்து வெள்ளத்துக்கு இடம் வைப்பதா, கோடைக்காகச் சேமித்து வைப்பதா என்று முடிவெடுப்பவருக்கு இந்த வேறுபாடு பெரியது.

விழும்போதே மழைமானி போன்ற கலத்தில் பிடித்து அளந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். மழைக்குச் சரிப்படும் இந்த முறை பனியிடம் தோற்றுப்போகிறது. பனிப்படிகம் இலேசானது, கலத்தின் வாயில் சுழலும் காற்று அதை உள்ளே விழவிடாமல் தூக்கிச் சென்றுவிடும். காற்று வலுத்த இடத்தில் தடுப்பு இல்லாத கலம் விழுந்த பனியில் பாதியைக்கூடப் பிடிக்காமல் விடுவதுண்டு. விழுந்த பனியும் விழுந்த இடத்தில் இருப்பதில்லை. முகட்டிலிருந்து அடித்துச் செல்லப்பட்டுச் சரிவின் மறுபுறத்தில் குவியும், வழியில் ஒரு பகுதி உருகாமலே ஆவியாகும். எனவே தரையில் சேர்ந்து நிற்பதைச் சென்று எடைபோடுவதே நம்பகமான வழி.

இதை ஒழுங்கான முறையாக்கியவர் பொறியாளரோ நீரியலாளரோ அல்லர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த பேராசிரியர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச் குளிர்காலத்தில் மலையேறுவதில் ஆர்வம் கொண்டவர். ரீனோ நகருக்கு அருகிலுள்ள, 3,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மவுண்ட் ரோஸ் சிகரத்தில் 1905இல் ஒரு வானிலை ஆய்வுநிலையத்தை நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளில், பனியைக் குத்தி எடுத்து எடைபோட உதவும் ஓர் உலோகக் குழாயை வடிவமைத்தார். அக்காலத்தில் அச்சிகரத்துக்கு அருகிலுள்ள தாஹோ ஏரியின் நீர்மட்டம் பற்றி ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்தவர்களுக்கும், ஏரிநீரை மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் வேண்டியவர்களுக்கும் இடையே ஓயாத சச்சரவு நடந்தது. மதகை எப்போது திறப்பது என்பதே வழக்கு. மலையிலுள்ள பனியை முன்பே எடைபோட்டால் ஏரி எவ்வளவு உயரும் என்று சொல்லலாம், அதற்கேற்ப மதகைத் திறக்கலாம் என்று சர்ச் காட்டினார். அவர் வழியில் வந்த பனி அளவைப் பணியை 1935இல் அமெரிக்க வேளாண் துறை மேற்குப் பகுதி முழுவதற்குமான கூட்டுத் திட்டமாக்கியது.

அந்தக் குழாயின் வழித்தோன்றல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஒன்றோடொன்று திருகிப் பொருத்தக்கூடிய அலுமினியத் துண்டுகள், அடிமுனையில் பற்கள் கொண்ட வெட்டும் வளையம், பக்கவாட்டில் உள்ளிருக்கும் பனியைப் பார்க்க நீள்துளைகள், ஒரு சுருள்வில் தராசு ஆகியவையே கருவி. வெட்டும் வளையத்தின் உள்விட்டம் 1.485 அங்குலம். இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் உண்டு: அந்த விட்டத்தில் குழாய்க்குள் வரும் பனி ஓர் அவுன்ஸ் எடை இருந்தால், நீர்ச்சமானம் சரியாக ஓர் அங்குலம். கைகள் விறைத்திருக்கும் மலைச்சரிவில் பெருக்கலும் வகுத்தலும் வேண்டியதில்லை; தராசின் முள்ளைப் படித்து, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் விடை கையில். குழாயைத் தரைவரை இறக்கி, வெளியே எடுக்கும்போது நுனியில் சிறிது மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மண் இருந்தால் அடிவரை போயிருக்கிறது, பனி நடுவில் நழுவி விழவில்லை என்பதற்குச் சாட்சி. அந்த மண்ணைச் சுரண்டி எடுத்த பிறகே எடைபோட வேண்டும். இந்தக் குழாய் அடர்ந்த பனியில் உண்மையைவிடச் சில விழுக்காடு கூடுதலாகக் காட்டும் இயல்புடையது என்பதும் நெடுநாளாகத் தெரிந்ததே.

கூடுதலாகக் காட்டும் என்று தெரிந்தும் அதை ஏன் கைவிடவில்லை? ஒரு மலைத்தொடரில் எத்தனை குழாய் குத்தினாலும் அங்குள்ள மொத்தப் பனியை அளந்துவிட முடியாது. ஒரே சரிவில் பத்தடி தள்ளினால் உயரம் இரண்டு மடங்காகும். தெற்கு நோக்கிய முகமும் வடக்கு நோக்கிய முகமும் வெவ்வேறு உலகங்கள். மரக்கிளைகள் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். எனவே பனி அளப்பவர்கள் மொத்தத்தைத் தேடிப் போகவே இல்லை. காற்று ஒதுங்கிய ஒரு வெளியில் நிலையான ஒரு கோட்டை வகுத்து, அதில் ஏறத்தாழ பத்துப் புள்ளிகளைக் குறித்து, ஆண்டுதோறும் அதே தேதியை ஒட்டி, அதே புள்ளிகளில், அதே கருவியால் அளந்து சராசரி எடுத்தார்கள். அந்தச் சராசரி மலையின் உண்மையான நீரளவு என்று யாரும் சொல்லவில்லை. மலையில் பனி மிகுந்த ஆண்டில் அதுவும் மிகும், குறைந்த ஆண்டில் அதுவும் குறையும், அவ்வளவே. முப்பது, நாற்பது ஆண்டுகள் இப்படி அளந்து, அந்தந்த ஆண்டின் வசந்தத்தில் ஆற்றில் வந்த நீரோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் நெருக்கமான உறவு தெரிந்தது. குழாய் எப்போதும் ஒரே அளவு மிகைப்படுத்தினால் அந்த உறவு கெடாது. கருவியைப் பாதியில் மாற்றினால்தான் கெடும். பனி அளவையின் வலிமை துல்லியத்தில் இருப்பதைவிடத் தொடர்ச்சியில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. அளக்கும் இடத்தருகே மரங்கள் வளர்ந்து நிழல் கூடினாலோ, காட்டுத்தீயில் அவை அழிந்தாலோ, பழைய தொடருக்கு நேரும் சேதம் கருவிப் பிழையைவிடப் பெரிது.

மாதம் ஒருமுறை ஆட்கள் பனிச்சறுக்குக் கட்டைகளில் சென்று அளப்பதோடு, தானியங்கி நிலையங்களும் 1970களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பெருகின. ஸ்னோடெல் எனப்படும் இந்த வலையமைப்பில் இன்று 900க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. இவற்றின் மையக் கருவிக்குப் பனித் தலையணை என்று பெயர்: உறையாத திரவம் நிரப்பிய தட்டையான பெரிய பை. தரையோடு தரையாக விரிக்கப்பட்ட அதன்மேல் பனி சேரச் சேர உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே எடை, எடையே நீர்ச்சமானம். மேலே கம்பத்தில் தொங்கும் மீயொலி உணரி பனியின் உயரத்தையும் தருகிறது. சாலையோ கம்பியோ இல்லாத இடங்களிலிருந்து தரவை அனுப்ப, வளிமண்டலத்தில் எரியும் விண்கற்கள் விட்டுச்செல்லும் மின்னேற்றத் தடங்களில் வானொலி அலையைப் பட்டுத் தெறிக்கச் செய்யும் முறையைப் பல ஆண்டுகள் கையாண்டார்கள். இப்போது செயற்கைக்கோளும் செல்பேசி வலையும் அந்த வேலையைச் செய்கின்றன. தலையணைக்கும் ஒரு நோய் உண்டு. பனிக்குள் கெட்டியான பனிக்கட்டி அடுக்கு உருவானால், அது பாலம்போல் நின்று பாரத்தைச் சுற்றியுள்ள தரைக்குக் கடத்திவிடும். தலையணை குறைவாகக் காட்டும். ஆட்கள் அவ்வப்போது குழாயோடு சென்று சரிபார்ப்பது இதற்காகவும்தான்.

நிலையங்கள் பெரும்பாலும் நடுத்தர உயரங்களில், சமதளமான காட்டு வெளிகளில் இருப்பது இன்னொரு குறை. மே மாதத்தில் நிலையங்கள் எல்லாம் சுழியம் காட்டிய பிறகும் உச்சிகளில் பனி கிடக்கும். ஆற்றில் நீர் வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு மீதி என்று சொல்ல எந்தக் கருவியும் அங்கே இராது. இந்த இடைவெளியை நிரப்ப, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 2013இல் கலிபோர்னியாவின் டுவாலமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் விமானம்வழி அளக்கத் தொடங்கியது. பனி இல்லாத காலத்தில் ஒருமுறை லைடார் எனப்படும் லேசர் அளவியால் தரையின் வடிவத்தைப் பதிவுசெய்து, பனிக்காலத்தில் மீண்டும் பறந்து பனிப்பரப்பின் வடிவத்தைப் பதிவுசெய்தால், இரண்டின் வேறுபாடு பனியின் உயரம். நான் தொடக்கத்தில் உயரம் போதாது என்றேன், இங்கே உயரத்தை அளந்து எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒரே நாளில் ஒரு பள்ளத்தாக்குக்குள் உயரம் சென்டிமீட்டரிலிருந்து பல மீட்டர் வரை மாறும். அடர்த்தியோ இடத்துக்கிடம் அந்த அளவு மாறுவதில்லை. ஆகவே உயரத்தை எங்கும் அளந்து, அடர்த்தியைச் சில குழிகளில் அளந்தும் கணக்கீட்டால் நிரப்பியும் பெருக்கினால், மொத்த நீரளவை முன்னெப்போதும் இல்லாத நெருக்கத்தில் பெறலாம். சர்ச் காலத்து முறை தவிர்த்த மொத்தத்தை இது நேரடியாகவே தொடுகிறது. செலவு அதிகம் என்பதே தடை.

செயற்கைக்கோளால் எல்லாம் தெரிந்துவிடாதா என்றால், பனி எங்கே இருக்கிறது என்பதை அது நன்றாகவே சொல்கிறது; எவ்வளவு எடை என்பதில்தான் தடுமாறுகிறது. பனியின் அடியிலிருந்து வரும் நுண்ணலைகளை உணரும் கருவிகள் பல கிலோமீட்டர் பரப்பை ஒரே புள்ளியாகப் பார்க்கின்றன, நீர்ச்சமானம் 150, 200 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேறுபாட்டை இழக்கின்றன, பனி ஈரமானால் ஏறக்குறைய குருடாகின்றன. மலைப்பனி ஆழமானது, வசந்தத்தில் ஈரமானது. தேவைப்படும் நேரத்தில்தான் பார்வை மங்குகிறது. சமவெளிப் பனிக்கு வேறொரு நயமான முறை உண்டு: மண்ணிலுள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் இயற்கையான காமா கதிர்களைத் தாழப் பறக்கும் விமானத்திலிருந்து அளந்து, பனியிலுள்ள நீர் எவ்வளவு கதிரை மறைத்தது என்பதிலிருந்து நீரளவைக் கணிப்பது.

இனி பனியிலிருந்து ஆற்றுக்கு வருவோம். எவ்வளவு நீர் வரும், எப்போது வரும் என்பவை இரண்டு தனிக் கேள்விகள். நீர்ச்சமானம் முதலாவதற்கே விடை தரும். மேற்கு அமெரிக்காவில் பனி ஏறத்தாழ ஏப்ரல் 1ஐ ஒட்டி உச்சத்தை எட்டும் என்பதால், அத்தேதியின் அளவைக் கொண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை வரக்கூடிய நீரின் மொத்தத்தைக் கணிப்பது வழக்கம். விடை ஒற்றை எண்ணாக வருவதில்லை. பத்து ஆண்டுகளில் ஒன்பதில் ஓர் அளவைவிட மிகும், ஐந்தில் வேறோர் அளவைவிட மிகும், ஒன்றில்தான் இன்னோர் அளவைவிட மிகும் என்பதுபோல் வாய்ப்புகளோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பனியை எவ்வளவு செம்மையாக அளந்தாலும் ஏப்ரலுக்குப் பின் பெய்யப்போகும் மழையையும் பனியையும் யாரும் அளந்திருக்க முடியாது; கணிப்பின் விரிவுக்கு அதுவே முதற் காரணம்.

எப்போது வரும் என்பது வெப்பக் கணக்கு. ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சுழியத்துக்குக் கீழே 5 பாகையில் உள்ள ஒரு கிலோ பனியைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 10 கிலோஜூல் போதும். ஆகவே 'பனி மிகவும் குளிர்ந்திருக்கிறது, உருக நாளாகும்' என்ற பேச்சுக்கு நாம் நினைப்பதைவிட வலு குறைவு. உருக்கும் வேலைதான் பெரிது. அந்த வெப்பத்தின் பெரும்பங்கு வெயிலிலிருந்து வருகிறது, எவ்வளவு வெயில் உட்புகும் என்பதைப் பனியின் நிறம் முடிவுசெய்கிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். பழைய, அழுக்கேறிய பனி 50, 60 விழுக்காட்டையே அனுப்பும். 85 விழுக்காடு 55 ஆகக் குறைந்தால் உட்கொள்ளும் வெப்பம் 15இலிருந்து 45க்கு, அதாவது மூன்று மடங்காக உயர்கிறது. கொலராடோ மலைகளில் பாலைவனத் தூசி படிந்த ஆண்டுகளில் பனி வாரக்கணக்கில் முந்தி உருகுவது இதனால்தான். மழை பனியை உருக்குவதாக நினைப்பதிலும் பாதியே உண்மை: 10 பாகை மழைநீர் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு பனியை உருக்குவதே அரிது, ஈரக்காற்றின் நீராவி பனிமேல் படிந்து நீராகும்போது, ஒவ்வொரு கிலோவும் ஏழு கிலோவுக்கு மேல் பனியை உருக்கும்.

உருகிய நீர் அனைத்தும் ஆற்றை அடைவதுமில்லை. முதலில் மண் குடிக்கும். முந்தைய இலையுதிர் காலத்தில் மண் வறண்டிருந்தால், வசந்தத்தின் முதல் பங்கை அது எடுத்துக்கொண்ட பிறகே ஓடைக்கு வழிவிடும். 2021இல் கொலராடோ ஆற்றின் மேற்படுகையில் பனி சராசரியைவிடச் சற்றே குறைவாக இருந்தது. ஆனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை பவல் நீர்த்தேக்கத்துக்கு வந்த நீர் சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே வசந்தத்தில் கலிபோர்னியாவின் கணிப்பும் வந்த நீரைவிட மிக அதிகமாகச் சொல்லிவிட்டது. குழாயும் தலையணையும் பொய் சொல்லவில்லை. பனிக்கும் ஆற்றுக்கும் இடையே இருந்த மண்ணைப் பழைய உறவுச் சமன்பாடு போதுமான அளவு கணக்கில் கொள்ளவில்லை.

இங்கேதான் நான் முன்பு சொன்ன வலிமை பலவீனமாகவும் மாறுகிறது. கடந்தகாலத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கும் முறை, நிகழ்காலம் கடந்தகாலத்தைப் போல் இருக்கும்வரை மட்டுமே செல்லும். கலிபோர்னியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று மாநிலத்தின் பனி நீர்ச்சமானம் சராசரியில் 5 விழுக்காடு மட்டுமே. வழக்கமாகப் பனி அளக்கும் பிலிப்ஸ் நிலையத்தில் அன்று ஆளுநர் ஜெரி பிரவுன் வெறும் புல்தரையில் நின்றபடி நீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் தொடக்கத்தில், அதே மாநிலத்தில் அது 237 விழுக்காடு. வற்றி வயலாகியிருந்த துலாரி ஏரி மீண்டும் நிரம்பியது. பழைய புள்ளிகளின் எல்லைக்கு இருபுறமும் வெளியே விழும் இத்தகைய ஆண்டுகளில், பனிக்கும் ஆற்றுநீருக்கும் உள்ள உறவாக வரைந்த நேர்கோட்டை நீட்டிப் பார்ப்பது ஆபத்தானது. ஆகையால் மண்ணின் ஈரம், வெயில், காற்று, வெப்பம் எல்லாவற்றையும் படிப்படியாகக் கணக்கிடும் இயற்பியல் மாதிரிகளும் விமான அளவீடுகளும் பழைய முறைக்குத் துணையாக வந்துள்ளன.

ஆக, 'இயல்பில் 120 விழுக்காடு' என்ற அறிக்கையைக் கண்டால் ஆற்றுக்கும் அதே எண்ணைப் பொருத்த வேண்டாம். மண் நனைந்திருந்து, வசந்தத்தில் மழையும் பெய்தால் அதைவிட மிகலாம். வறண்டிருந்தால் 90க்கும் இறங்கலாம். 'இயல்பு' என்பது எந்த ஆண்டுகளின் நடுவளவு என்று பாருங்கள். இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளைக் கொள்கிறார்கள், அந்தக் காலத்திலேயே வறண்ட ஆண்டுகள் நிறைய உண்டு. எந்தத் தேதியின் விழுக்காடு என்பதையும் பாருங்கள். டிசம்பரில் 200 விழுக்காடு என்பது ஒரே ஒரு புயலின் விளைவாக இருக்கலாம், இன்னும் மூன்று மாதக் குளிர்காலம் மீதியிருக்கிறது. மே இறுதியில் ஒரு நிலையம் 400 விழுக்காடு என்று காட்டினால், அந்தத் தேதியில் வழக்கமாக அங்கே ஒரு சென்டிமீட்டர் நீர்ச்சமானமே இருக்கும், இவ்வாண்டு நான்கு இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லாமலும் போகலாம்.